ஆர் சொன்னது?

பாடசாலை வாசலில் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டி அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் எங்கள் பழைய அதிபரின் படத்தைப் போட்டு, 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதியவன் நான். முதல் ஆளாக எழுதினோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. என்னைத் தொடர்ந்து பதினேழு பேர் கைகூப்பினார்கள். பதினெட்டாவதாக, ஊடகப் பாடத்துக்குப் புதிதாக வந்திருந்த டீச்சரிடமிருந்து வந்த செய்தியில் இரண்டே சொற்கள்.

"ஆர் சொன்னது?"

அடுத்த மணி அடிப்பதற்குள் அவர் ஆசிரியர் ஓய்வறைக்கே வந்துவிட்டார். என் கதிரைக்கு எதிரே நின்றார்.

"சேர், உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பழைய மாணவர் ஒருத்தரு அனுப்பினாரு டீச்சர்."

"அவர் கண்டவரோ?"

"அவருக்கும் யாரோ அனுப்பித்தான் இருக்கணும்."

அவர் தன் கைபேசியை எடுத்தார். பழைய அதிபர் வீட்டு இலக்கத்தை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். நாலாவது மணியில் எடுத்தது அதிபரேதான். டீச்சர் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"சேர், சுகமா இருக்கிறீங்களோ எண்டு கேக்க எடுத்தனான்."

"இருக்கேன் டீச்சர். காலையில இருந்து எல்லாரும் அதையேதான் கேக்கிறாங்க. என்ன விசயம்?"

காவலாளி போய்க் கொடியை அவிழ்த்தார். ஓய்வறை அந்தத் தவணை முழுவதும் என்னைக் கிண்டல் செய்தது. யாராவது இரண்டு நாள் லீவு போட்டால், "கணக்கு சேர்கிட்ட சொல்லாதீங்க, கொடி கட்டிருவாரு" என்பார்கள். டீச்சர் மட்டும் அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய்யைப் பிடிப்பதில் இருந்த அக்கறை, பிடிபட்டவனில் அவருக்கு இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கண்டி நகரில் வாவிக்குப் பின்பக்கத்து மேட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். எங்கள் பாடசாலையில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடத்துக்கு அதுவரை ஆள் இருந்ததில்லை. வேறு எந்தப் பாடமும் வராத பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்து, யாராவது போய் வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வோம். நானும் அப்படி உட்கார்ந்து வீட்டு மின்கட்டணச் சீட்டுப் பார்த்தவன்தான்.

கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். எதைச் சொன்னாலும் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை மணி நிலவரம் என்றும் சேர்த்துச் சொல்வார். வெளியில் மழையா டீச்சர் என்று கேட்டால், "பத்து இருவதுக்குப் பெய்தது" என்பார். இப்போது பெய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் எழுந்து போய் யன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். ஒரு மனிதர் இப்படியே இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு அலுத்துப் போகும். எனக்கும் அலுத்தது.

வகுப்பில் கரும்பலகையை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரிப்பார். ஒரு பக்கம் 'கண்டது', மறுபக்கம் 'கேட்டது'. பிள்ளைகள் காலையிலிருந்து தெரிந்துகொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை அவர்களே சொல்ல வேண்டும். கேட்டது பக்கம் நிரம்பி வழியும். கண்டது பக்கத்தில் இரண்டோ மூன்றோ, அதில் ஒன்று பெரும்பாலும் காலைச் சாப்பாடு. எங்கள் பிள்ளைகள் 'யாரு' என்பவர்கள். அவருடைய 'ஆர்' அவர்களுக்கு வேடிக்கை. ஒரு மாதத்துக்குள் 'ஆர் சொன்ன டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது காதில் விழுந்தபோதும், இந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று கண்டுபிடித்து வரும்படி அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தார்.

அந்த வகை வீட்டுப்பாடத்துக்குச் சங்கிலி என்று பெயர். வாரத்துக்கு ஒரு கதையைப் பிடித்து, சொன்னவரிடம் போய் உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டு, அவருக்குச் சொன்னவரிடம் போய்க் கேட்டு, முதல் ஆள் வரைக்கும் போக வேண்டும். கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில் புலி இறங்கி ஆட்டைத் தூக்கியது என்றொரு கதை. பிள்ளைகள் ஒன்பது பேரைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், ஒருவர் தன் ஆடு ஒரு நாள் வீட்டுக்கு வரவில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். ஆடு மறுநாள் வந்துவிட்டதாம். இந்த வருசக் கணக்குப் பேப்பரில் பாதிப்பேர் தப்ப மாட்டார்கள் என்ற கதையின் சங்கிலி மூன்றாவது ஆளிலேயே என்னிடம் வந்து முடிந்தது. நான் டியூசன் வகுப்பில் பயமுறுத்துவதற்காகச் சொன்னது.

புலிக் கதையின் சங்கிலியை ஓய்வறையில் திருத்திக்கொண்டிருந்தபோது அவர் சொன்னதை இப்போதும் மறக்கவில்லை.

"பாருங்கோ சேர், இதில பொய் சொன்ன ஆள் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் ஒவ்வொரு சொல்லுத்தான் கூட்டினவை."

அவருக்கு ஒரு தம்பி இருந்ததாகவும், யுத்தம் முடிந்த காலத்தில் அவனை ஒரு முகாமில் கண்டதாக யாரோ சொன்னதை நம்பித் தாய் முகாம் முகாமாக அலைந்ததாகவும், கடைசியில் விசாரித்தால் கண்டதாகச் சொன்ன எவரும் காணவில்லை என்று தெரிந்ததாகவும் சங்கீத டீச்சர் ஒருநாள் என்னிடம் சொன்னார். ஊடக டீச்சர் தன் வாயால் அதை என்னிடம் சொன்னதில்லை. ஆகவே இது கேட்டது பக்கம்.

என் அக்காவின் மகள் தர்ஷினி அப்போது அவருடைய வகுப்பில் பத்தாம் ஆண்டு. அக்கா குடும்பம் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் இருந்தது. நானும் பிறந்தது அங்கேதான். படித்து, உத்தியோகம் கிடைத்து, பல்லேகலப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். தர்ஷினி அந்தப் பாடத்தை எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. வணிகம் எடுக்கச் சொன்னேன். "மாமா, வணிகம் எடுத்தா வேலை கெடைக்கும்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள். அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் ஒரு விடயத்தை மறைக்கக் கூடாது. ஒரு மாலை லயத்துக் குழுவில், தண்ணீர்த் தாங்கியில் விசம் கலந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. தண்ணீரும் ஒரு மாதிரி மணத்தது. அன்று பகல் லயத்துக்கு வந்துபோன வெளியாள் துணி விற்கும் முஸ்லிம் நானா ஒருவர்தான். வாரா வாரம் வருகிறவர். அவரைக் கீழே கடைச் சந்தியில் பிடித்து நிறுத்திவிட்டார்கள். பெல்ட்டைக் கழற்றியவர்களும் உண்டு. தர்ஷினி நடுவில் போய் நின்று, யார் பார்த்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறாள். ஆறாவது ஆளோடு கதை முடிந்துவிட்டது. தோட்டத்தில் தாங்கிக்கு குளோரின் போட்டிருந்தார்கள். நானாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். அதிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும், "தர்ஷினிகிட்ட காட்டு" என்பதே லயத்தில் வழக்கமானது. தோட்டத் தலைவரே கைபேசியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இதை டீச்சரிடம் நான்தான் சொன்னேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அன்று தர்ஷினியின் கொப்பியைத் திருத்தும்போது சிவப்புப் பேனையை இரண்டு தரம் மூடித் திறந்தார்.

வகுப்புச் சுவரில் ஓர் அட்டை தொங்கும். அவர் கையெழுத்து. 'சொன்னவர் பெயர் இல்லை. சொன்ன நாள் இல்லை. எல்லோருக்கும் உடனே அனுப்பு என்கிறது. இம்மூன்றும் சேர்ந்தால் நம்ப வேண்டாம்.' பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி அதைப் பாடமாக்கியிருந்தார்கள்.

பிறகு அந்த மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, பாடசாலைகளை மூடிவிட்டார்கள். மூன்றாம் நாள் பிற்பகல், மேல் லயத்துக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. அதை நான் பிறகு பல தடவை கேட்டிருக்கிறேன். ஆண் குரல். பின்னால் வாகன எஞ்சின் சத்தம். "ஹந்தானை மேல் லயத்துல இருக்கிறவங்க உடனே எறங்குங்க. மலையில வெடிப்பு கண்டிருக்காங்க. சாமான் ஒண்ணும் எடுக்க வேணாம். இத எல்லாருக்கும் அனுப்புங்க." அவ்வளவுதான்.

தலைவர் வழக்கம்போலத் தர்ஷினியிடம் கொண்டுவந்தார். ஆட்கள் குடையோடு வாசலில் நின்றார்கள். அவள் கேட்டுவிட்டு விரலை மடக்கினாள். பெயர் இல்லை, நாள் இல்லை, எல்லாருக்கும் அனுப்பு. மூன்றும் இருந்தது. "இது பொய்யா இருக்கும்" என்றாள். ஆட்கள் தங்கள் லயத்து அறைகளுக்கு, காம்பராக்களுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

அந்தக் குரல் யாருடையது என்பதைச் சில நாள் கழித்து டீச்சர்தான் தேடிப் பிடித்தார். ஓர் அலுவலகத்தில் வாகனம் ஓட்டும் தமிழ்ப் பொடியன். மண்சரிவு எச்சரிக்கை அந்த அலுவலகத்துக்குச் சிங்களத்தில் வந்திருந்தது. அதில் நாளும் உண்டு, நேரமும் உண்டு, கையெழுத்தும் உண்டு. தமிழில் ஒன்றும் வரவில்லை. மேல் லயத்தில் நம் ஆட்கள்தானே இருக்கிறார்கள் என்று, அவன் வாகனத்தை ஓரம் கட்டிவிட்டுத் தன் வாயால் தமிழில் சொல்லி அனுப்பியிருக்கிறான். அது அவன் வேலை இல்லை என்பதால் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் மொழியில் உண்மை வந்தால் பல நேரம் இப்படித்தான், பெயர் சொல்லப் பயந்துகொண்டு வருகிறது. இதை அட்டையில் எழுத டீச்சருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும், நான் அங்கேயே பிறந்தவன். என்னிடம் அவர் கேட்டதில்லை, நானாகச் சொன்னதும் இல்லை.

மண் இறங்கியது நாலு மணிக்குக் கொஞ்சம் பின்னால். அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு லயமே அலறிக்கொண்டு கீழே ஓடத் தொடங்கியிருந்தது. கோவிலடி வரை எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். தலை எண்ணிப் பார்த்தபோது தர்ஷினியின் அப்பாவை, என் அத்தானை மட்டும் காணவில்லை. பட்டியில் மாட்டை அவிழ்க்கத் திரும்பியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள். கயிறு கையில் சுற்றியபடி இருந்தது.

செத்த வீடு தோட்டத்துப் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. நான் தர்ஷினியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"செய்தி வந்து முக்கால் மணித்தியாலம் இருந்திருக்கே. ஏன் உடனே எறங்கல?"

"டீச்சர்கிட்ட கேட்டேன் மாமா" என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

எனக்கு அது போதுமாக இருந்தது. வெளியில் வந்தேன். பாடசாலை வேன் சாரதி மழைக்கு ஒதுங்கி நின்றார். அவரும் என்னிடம் அதையேதான் கேட்டார், ஏன் உடனே இறங்கவில்லை என்று. "டீச்சர் போக வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைப்பாக இருந்தது, கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

எட்டு நாளைக்குள் கண்டி முழுக்க அது போய்விட்டது. டீச்சர் போன் எடுத்து, அது பொய், யாரும் அசையக் கூடாது என்று உத்தரவு போட்டாராம். யாழ்ப்பாணத்து ஆளுக்கு நம் சனத்தின் உயிர் என்றால் விளையாட்டாம். ஆசிரியர் குழுவில் வந்தபோது அத்தோடு அவருடைய படமும் இருந்தது. எத்தனையோ பேர் அனுப்பினார்கள். அந்தக் குழுவில் அவரும் இருந்தார். இரண்டு சொல் வரும் என்று நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

பெற்றோர்கள் திரண்டு வந்தார்கள். அதிபர் அறையில் கூட்டம் நடந்தது. ஆசிரியர் சங்கத்தின் சார்பில் நானும் இருந்தேன்.

"டீச்சர், அந்தப் புள்ள ஒங்ககிட்ட கேட்டுச்சா?" என்றார் அதிபர்.

"ஓம். கேட்டது உண்மை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"அந்தப் பிள்ளைக்குப் படிப்பிச்சது நான் சேர். அட்டையில எழுதினதும் நான். பிழை என்ரைதான்."

அதிபர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அவரும் மறுபடியும் அதே பதிலைச் சொன்னார். ஒரு தாய் எழுந்து மிக மோசமாகப் பேசினாள். அவர் தலை குனியவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. உங்களுக்கு இதை யார் சொன்னது என்று மட்டும் அந்த அறையில் யாரிடமாவது கேட்டிருந்தால், சங்கிலி நாலு கண்ணியில் முடிந்திருக்கும். நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கேட்பார் என்று பயந்துகொண்டும் இருந்தேன்.

இடமாற்றக் கடிதம் அடுத்த மாதமே வந்தது. பிரியாவிடை ஒன்றும் வைக்கவில்லை. கடைசி நாள் வகுப்புச் சுவரிலிருந்து அட்டையைக் கழற்றி நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். குடையை எடுக்க ஓய்வறைக்கு வந்தவர் என் மேசையடியில் நின்றார்.

"சேர், தர்ஷினியைப் பாத்துக்கொள்ளுங்கோ. அண்டைக்கு நடந்ததைப் பற்றி அவளிட்டை ஒருத்தரையும் ஒண்டும் கேக்க விடாதேங்கோ."

போகிற நேரத்திலும் தன் பெயர் கெடாமல் பார்க்கிறாரே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

தர்ஷினி அந்தப் பழைய கைபேசியை என்னிடம் கொண்டுவந்து தந்தது ஒரு வருடத்துக்குப் பிறகு. அன்று அவள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று, குரல் பதிவை டீச்சருக்கு அனுப்பியிருக்கிறாள். மேல் லயத்தில் அலைவரிசை கிடைப்பது அந்தப் பீலியடியில் மட்டும்தான். அனுப்பிவிட்டு மழைக்குக் காம்பராவுக்குள் போய்விட்டாள். தலைவர் வந்து கேட்டபோது விரல் மடக்கிச் சொன்னது அதற்குப் பிறகு. மனசு கேட்காமல் முக்கால் மணித்தியாலம் கழித்து மறுபடி பீலியடிக்குப் போனபோதுதான் பதில் கைபேசிக்கு வந்து விழுந்திருக்கிறது. பார்த்துவிட்டு லயம் முழுக்கக் கதவு தட்டி ஓடியவள் அவள்தான். அத்தனை பேர் கோவிலடிக்கு வந்து சேர்ந்தது அதனால்தான்.

பதிலை நான் வாசித்தேன். அனுப்பிய நேரம் மூன்று பன்னிரண்டு. அவளுடைய செய்தி போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

'முதல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கும். ஆர் சொன்னது எண்டு பிறகு பாப்பம். பொய்யெண்டால் திரும்பிப் போகலாம்.'

"டீச்சர் மேல எல்லாரும் பழி போட்டப்ப நான் வாயத் தெறக்கல மாமா" என்றாள் தர்ஷினி. "நான்தான் பொய்யினு சொன்னேன். தெறந்திருந்தா அப்பாவ நான்தான் கொன்னேன்னு சொல்லியிருப்பாங்க. டீச்சருக்கு அது தெரியும்."

தலைவருக்குத் தெரியும், வாசலில் நின்ற நாலைந்து பேருக்கும் தெரியும். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையைச் சொல்ல மனம் வராமல் இருந்தவர்களுக்கு, என் ஒரு வாக்கியம் வசதியாகப் போயிற்று. அவர் ஒரு தடவை மறுத்திருந்தால் போதும், அப்போ இறங்க வேண்டாம் என்றது யார் என்று சனம் தேடியிருக்கும். அந்தச் சங்கிலியின் முதல் ஆள் பதினைந்து வயதுப் பிள்ளை.

இதை எழுதச் சொன்னதும் அவள்தான். நீங்க எழுதலைன்னா நான் எழுதுவேன் என்றாள்.

அன்று மாலையே டீச்சருக்குச் செய்தி அனுப்ப உட்கார்ந்தேன். நீளமாக எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். கடைசியில் ஒரே வரிதான் மிஞ்சியது. 'டீச்சர், நீங்க போக வேணாம்னு சொன்னதா முதல்ல சொன்னது நான்.'

பார்த்துவிட்டார் என்று காட்டியது. பிறகு பதில் வந்தது.

'தெரியும் சேர். வேன் சாரதியிட்டை அப்பவே கேட்டனான். தர்ஷினி சோதனை எழுதினவளோ?'